கம்பியா, கல்லா, ஷார்ப்பனரா? வீட்டுக் கத்தியைத் தீட்டுவது பற்றி

ஜூன் 8, 2024 – வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

தக்காளி மேல் கத்தியை வைத்து அழுத்தினால் தோல் கிழிவதற்குள் உள்ளே இருப்பதெல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடுகிறது. கத்தி வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. முன்பு இருந்த வீட்டில் சாணை பிடிப்பவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். இப்போது இருக்கும் அடுக்ககத்தில் செக்யூரிட்டி அவரைக் கேட்டைத் தாண்ட விடுவதில்லை. கடையில் கேட்டால் இழுத்துத் தீட்டும் ஷார்ப்பனரைக் காட்டுகிறார்கள், கம்பியைக் காட்டுகிறார்கள், கல்லையும் காட்டுகிறார்கள். நான் ஒன்றுதான் வாங்குவேன், எதை வாங்க? என் வீட்டுக்காரர் புதுக் கத்தியே வாங்கிவிடலாம் என்கிறார்.

ஜூன் 8, இரவு

புதுக் கத்தி வேண்டாம், அதுவும் அடுத்த வருடம் இதே கதிக்குத்தான் வரும். ஒன்றே ஒன்று என்றால் கல் வாங்குங்கள்.

காரணம் சொல்கிறேன். கத்தி மொண்ணையாவது இரண்டு விதம். ஒன்று, வாய் அப்படியே இருக்கும், ஆனால் அதன் மெல்லிய விளிம்பு பலகையில் பட்டுப் பட்டு ஒரு பக்கமாக மடிந்திருக்கும். இதற்குக் கம்பி போதும். மடிந்ததை நிமிர்த்துவதுதான் கம்பியின் வேலை, இரும்பை அது அதிகம் எடுக்காது. இன்னொன்று, விளிம்பே தேய்ந்து உருண்டு போயிருக்கும். அங்கே நிமிர்த்த ஒன்றும் இல்லை, பக்கவாட்டு இரும்பை எடுத்துப் புதிதாக ஒரு விளிம்பை உண்டாக்க வேண்டும். அது கல்லால்தான் ஆகும். ஒரு வருடம் தீட்டாத கத்தி என்றால் அநேகமாக இந்த இரண்டாவது கேஸ். கம்பியில் எவ்வளவு உரசினாலும் பலன் இருக்காது, கடைசியில் கம்பி மேல்தான் கோபம் வரும்.

எது என்று கண்டுபிடிக்க, கத்தி வாயை மேல்நோக்கித் திருப்பி டியூப்லைட் வெளிச்சத்தில் நேராகப் பாருங்கள். கூரான விளிம்பு கண்ணுக்கே தெரியாது. தேய்ந்த இடம் வெள்ளிக் கோடு மாதிரி மினுங்கும். பெரும்பாலும் நடுப்பகுதியிலும் நுனியிலும்தான் அந்தக் கோடு இருக்கும், பிடியை ஒட்டிய அடிப்பகுதியில் இருக்காது, ஏனென்றால் அந்த இடத்தை வைத்து நாம் எதையும் நறுக்குவதே இல்லை.

ஜூன் 9

காசு செலவழிப்பதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். வீட்டில் பழைய ஊறுகாய் ஜாடி, பீங்கான் ஜாடி, இருக்கிறதா? கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பளபளப்பு பூசாத சொரசொரப்பான வளையம் ஒன்று இருக்கும். காபி கப்பிலும் இருக்கும், சிறியதாக. அந்த வளையம் கத்தி இரும்பைவிடக் கடினமானது. கப்பைக் கவிழ்த்து ஈரத்துணி மேல் வைத்து, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, வளையத்தின் மேல் அடியிலிருந்து நுனி வரை இழுங்கள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வளையத்தில் கறுப்புக் கோடு விழும், அது கத்தியிலிருந்து வந்த இரும்பு. தேய்ந்த கத்தியை இது முழுசாகச் சரிசெய்துவிடாது, ஆனால் அன்றைய சமையலுக்குத் தாங்கும்.

கடையில் விற்கும் செராமிக் கம்பியும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. இரும்புக் கம்பி நிமிர்த்தும், செராமிக் கம்பி நிமிர்த்துவதோடு கொஞ்சம் தேய்க்கவும் செய்யும். கல்லுக்குப் பிறகு இரண்டாவதாக ஒன்று வாங்கினால் என் ஓட்டு செராமிக்குக்குத்தான். கீழே போட்டால் உடையும், அவ்வளவுதான் குறை.

ஜூன் 11

எங்கே வாங்குவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பாரிமுனைப் பக்கம் போனால் செம்புதாஸ் தெருவில் ஹார்டுவேர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. "கார்பொரண்டம் கல், ரெண்டு பக்கமும்" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒரு பக்கம் கரடு, ஒரு பக்கம் நைசு. தச்சர்கள் உளி தீட்டுகிற அதே கல்தான். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இது சிலிக்கான் கார்பைடு, 1890களில் அமெரிக்காவில் மின் உலையில் செய்ய ஆரம்பித்த பொருள். நம் ஊருக்கு இது அந்நியமும் இல்லை. கார்பொரண்டம் யுனிவர்சல் கம்பெனி 1954-லேயே இங்கே தொடங்கியது, திருவொற்றியூரில் அவர்களுக்கு ஆலை இருக்கிறது. உலகத்துக்கே சாணைக்கல் செய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு மொண்ணைக் கத்தியோடு மல்லுக்கட்டுகிறோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கல்லின் நைசுப் பக்கமே சமையல் கத்திக்குக் கொஞ்சம் கரடுதான். முருங்கைக்காய், கேரட், சேனை எல்லாம் நன்றாக வெட்டும். வெங்காயத்தை மெல்லிசாக அரிய வேண்டும், கறிவேப்பிலை கொத்தமல்லி கறுக்காமல் நறுக்க வேண்டும் என்றால் 1000 கிரிட் (கல் எவ்வளவு நைசு என்று சொல்லும் எண்) கல் ஒன்று வேண்டும். ஜப்பான் மாதிரித் தண்ணீர்க் கல் என்று ஆன்லைனில் 1000/6000, 400/1000 என்று ஜோடியாக வருகிறது. வீட்டுக்கு 400/1000 போதும். 400 பக்கம் தேய்ந்த வாயைத் திருப்பிக் கொண்டுவர, 1000 பக்கம் வழக்கமாகத் தீட்ட. 6000 எல்லாம் பச்சை மீனை மெல்லிய துண்டாக அரிகிறவர்களுக்கு. நாம் மீனைக் குழம்பில் போடுகிறவர்கள்.

எண் பெரிதாகப் பெரிதாக நைசு. ஆனால் ஜப்பான் 1000-மும் ஐரோப்பிய 1000-மும் ஒன்றல்ல, ஐரோப்பியக் கணக்கில் 1000 என்றால் இன்னும் நைசாக இருக்கும். கல்லோடு கல்லை ஒப்பிடும்போது இதைக் கவனியுங்கள்.

ஜூன் 15

சரி, இன்று மழை, வெளியே போக முடியாது, தீட்டும் முறையை நிதானமாக எழுதுகிறேன்.

தண்ணீர்க் கல் என்றால் பத்து பதினைந்து நிமிடம் ஊற வையுங்கள், குமிழி வருவது நிற்கும் வரை. சில கற்களுக்கு ஊறல் தேவையில்லை, மேலே தெளித்தால் போதும் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். கார்பொரண்டத்துக்குத் தண்ணீரும் ஆகும், மெஷின் ஆயிலும் ஆகும், ஆனால் ஒருமுறை எண்ணெய் ஊற்றினால் அப்புறம் தண்ணீர் அதில் ஒட்டாது. அதனால் முதலிலிருந்தே தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் விடவே வேண்டாம், பிசுக்காகிக் கல்லின் துளையை அடைத்துவிடும்.

கல்லுக்கு அடியில் ஈரத்துணி. இது இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், கல் நகர்ந்தால் விரல் போகும்.

அடுத்தது சாய்வு. எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் 20 டிகிரி சரியாக இருக்கும். டிகிரியைக் கையில் பிடிப்பது எப்படி? கத்தியின் அகலம் 4 சென்டிமீட்டர் என்றால், அதன் முதுகு கல்லிலிருந்து 1.4 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். இரண்டு பென்சிலை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வரும் உயரம் அது. முதலில் பென்சிலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள், கை அந்தச் சாய்வை நினைவில் வைத்துக்கொள்ளும். 20-க்குப் பதில் 18 வந்தாலும் 22 வந்தாலும் தக்காளிக்குத் தெரியாது. ஒவ்வொரு இழுப்புக்கும் சாய்வு மாறிக்கொண்டே இருந்தால்தான் தப்பு, வாய் உருண்டுவிடும்.

கறுப்பு மார்க்கர் பேனாவால் விளிம்பை ஒட்டி ஒரு கோடு போட்டுவிட்டு நாலு முறை தீட்டிப் பாருங்கள். மை முழுக்க அழிந்தால் சாய்வு சரி. மேல் பாதி மட்டும் அழிந்தால் முதுகு ரொம்பத் தாழ்ந்திருக்கிறது, தூக்குங்கள். விளிம்பு ஓரம் மட்டும் அழிந்தால் தூக்கியது அதிகம்.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு பக்கத்தை மட்டும் தீட்டிக்கொண்டே போங்கள், மறுபக்கம் பிசிறு, அதாவது விளிம்பிலிருந்து மடிந்து நீட்டும் மெல்லிய இரும்பு ஓரம், எழும்பும் வரை. பிசிறு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கட்டைவிரலை முதுகுப் பக்கத்திலிருந்து வாயை நோக்கி வழித்து அப்படியே வெளியே கொண்டு போனால் (வாயின் நீளவாக்கில் ஒருபோதும் ஓட்டக்கூடாது, அறுத்துவிடும்) ஓரத்தில் ஏதோ தட்டுகிற மாதிரி, நகத்தின் சிராய் மாட்டுகிற மாதிரி இருக்கும். அதுதான். அடி முதல் நுனி வரை அந்தத் தட்டல் கிடைத்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். "பத்துத் தடவை இழுங்கள், இருபது தடவை இழுங்கள்" என்று வீடியோவில் சொல்லும் கணக்கெல்லாம் கத்திக்குத் தெரியாது. பிசிறு வரவில்லை என்றால் இன்னும் முடியவில்லை. வீட்டில் தீட்டிப் பார்த்து "ஒன்றும் ஆகவில்லை" என்று கைவிடுகிறவர்கள் அநேகமாக இந்த இடத்துக்கு ஒரு படி முன்னால்தான் கைவிடுகிறார்கள்.

பிசிறு வந்ததும் திருப்பி, மறுபக்கமும் அதே மாதிரி. அப்புறம் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி. கடைசி சில இழுப்புகளில் கத்தியின் எடை மட்டும் போதும், நம் கை அழுத்தக்கூடாது. பிசிறை அப்படியே விட்டுவிட்டால் முதல் நாள் பயங்கரக் கூராக இருக்கும், மறுநாள் மடங்கிவிடும்.

கல்லின் மேல் கறுப்பாகச் சேறு சேரும். தண்ணீர்க் கல்லில் அதைக் கழுவிக்கொண்டே இருக்காதீர்கள், அதுவும் சேர்ந்துதான் தீட்டுகிறது. வேலை முடிந்ததும் கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் காய் நறுக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஜூன் 16

விட்டுப்போனது. கல் நடுவில் குழியும். குழிந்த கல்லில் சாய்வு நிற்காது. சமமான கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்துத் தண்ணீர் ஊற்றி, கல்லைக் கவிழ்த்துத் தேயுங்கள். தேய்ப்பதற்கு முன் கல் மேல் பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டால், எல்லாக் கோடும் அழியும்போது சமமாகிவிட்டது என்று தெரியும்.

ஜூன் 22

"சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் ரெண்டு நிமிஷம், இதற்குப் போய் இவ்வளவா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. எங்கள் மந்தைவெளிப் பக்கம் இன்னும் ஒருவர் சைக்கிளில் வருகிறார், ஸ்டாண்டு போட்டுப் பெடலை மிதித்தால் சக்கரம் சுற்றும். மிதி வண்டிச் சாணையில் வேகம் குறைவு, அவர் நடுநடுவே கத்தியைத் தண்ணீரிலும் முக்குகிறார். கத்திரிக்கோலை நான் அவரிடம்தான் கொடுப்பேன், அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. வாய் உடைந்து பல் விழுந்த கத்தியும் அவரிடம்தான்.

மோட்டாரில் ஓடும் எமரி வீலில்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும். தீப்பொறி பறக்கிறது என்றால் விளிம்பு சூடாகிறது. மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறிவிடும். பதம் வைத்த இரும்பு கத்தி சுமார் 300 டிகிரி செல்சியஸ் தொட்டால் நீலம் பூக்கும், அப்படிப் பூத்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அங்கே கூர் நிற்கவே நிற்காது. அந்த இரும்பு முழுக்கத் தேய்ந்து போனால்தான் மறுபடி நல்ல இரும்பு வரும்.

உங்கள் அடுக்ககச் சங்கத்தில் பேசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை உள்ளே விடச் சொல்லுங்களேன். இஸ்திரிக்காரருக்கு இடம் கொடுக்கிறோம், இவருக்குக் கேட்டுக்குள்ளே ஒரு மணி நேரம் கொடுக்கக் கூடாதா?

ஜூலை 3

இழுவை ஷார்ப்பனர் பற்றி நான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வி வடிவத்தில் இரண்டு கார்பைடுத் தகடு, நடுவில் கத்தியை இழுக்க வேண்டும். அது தீட்டுவதில்லை, சுரண்டுகிறது. இழுத்த பிறகு அடியில் பாருங்கள், சுருள் சுருளாக இரும்பு கிடக்கும். வாய் சொரசொரப்பாக, கடிக்கிற மாதிரிக் கூராக வரும், சீக்கிரம் போய்விடும், மறுபடி இழுப்போம். கொஞ்ச நாளில் கத்தி ஒல்லியாகிவிடும். ஜப்பான் கத்தியை அதில் வைக்கவே கூடாது. இரும்பின் கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் அவை பெரும்பாலும் 60-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், வாய் தெறித்துவிடும்.

ஆனால் யோசித்துப் பார்த்ததில் முழுக்க வேண்டாம் என்றும் சொல்ல மனசு வரவில்லை. என் பெரியம்மாவுக்குக் கை நடுங்கும். கல்லில் சாய்வு பிடிப்பது அவரால் ஆகாது. இருநூறு ரூபாய்க் கத்தியை ஷார்ப்பனரில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அவரே கத்தரிக்காய் நறுக்கிக்கொள்கிறார். மொண்ணைக் கத்தியை அழுத்தி அழுத்தி வழுக்கிவிடுவதைவிட அது எவ்வளவோ மேல். அவருக்கு அது சரியான கருவி. விலை உயர்ந்த கத்திக்கு, கை திடமாக இருப்பவர்களுக்கு, வேண்டாம்.

ஜூலை 14

அரிவாள்மனை. இதை யாராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன், காசிமேட்டிலிருந்து ஒருவர் கேட்டுவிட்டார்.

இதில் எல்லாம் தலைகீழ். கத்தியைக் கல்லுக்குக் கொண்டுபோக முடியாது, கல்லைத்தான் கத்திக்குக் கொண்டுபோக வேண்டும். மனையைச் சுவரோரம் வைத்து, நறுக்கும்போது அழுத்துகிற மாதிரியே காலால் அழுத்திக்கொள்ளுங்கள். சின்னக் கல் துண்டை எடுத்து அலகின் பக்கவாட்டில் வைத்து, கீழிருந்து மேலாக, வாயை விட்டு விலகிப் போகிற திசையில் தேயுங்கள். விரல்கள் கல்லின் பின்பக்கமே இருக்கட்டும், ஓரத்தில் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. வாய் உள்வளைவாக இருக்கும் இடத்தில் தட்டைக் கல் முழுசாகப் படாது, அங்கே செராமிக் கம்பியோ கல்லின் உருண்ட ஓரமோதான்.

என் மாமியார் அலகைக் கழற்றித் துணி துவைக்கும் கல்லில்தான் தேய்ப்பார். கருங்கல்லில் இருக்கும் படிகத் துகள்கள் பதமான இரும்பையும் தேய்க்கும் அளவுக்குக் கடினம்தான், அதனால் வேலை நடக்கும். துகள் பெரிதும் சிறிதுமாக இருப்பதால் விளிம்பு ரம்பம் மாதிரி வரும். மீனுக்கும் பூசணிக்கும் அது நன்றாகவே வெட்டும். அவர் அதை மாற்றத் தயாராக இல்லை, நானும் மாற்றச் சொல்லப் போவதில்லை.

இதோடு சேர்த்து: கருங்கல் மேடை மேல் நேராக வைத்து நறுக்குகிறவர்கள் எதை வாங்கினாலும் பிரயோஜனமில்லை. எவர்சில்வர் தட்டில் வைத்து எலுமிச்சம்பழம் அறுப்பதும் அப்படியே. மேடையும் தட்டும் கத்தி வாயை ஒரே வாரத்தில் தின்றுவிடும். கறிக்கடையில் ஏன் புளியமரக் கட்டை வைத்திருக்கிறார்கள்? அடிக்கு அடி தாங்கவும் வேண்டும், வாயைக் கெடுக்கவும் கூடாது.

ஆகஸ்ட் 4

அந்தக் கறிக்கடைக்கே வருவோம். பாய் இடுப்பில் கம்பி தொங்கவிட்டுக்கொண்டு நாலு துண்டு வெட்டுவதற்குள் இரண்டு தரம் சர் சர் என்று உரசுவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல கூரான கத்தியைத்தான் அவர் உரசுகிறார். மொண்ணையாகும் வரை காத்திருப்பதில்லை. வீட்டிலும் அதுதான் செய்ய வேண்டியது. சமைக்க ஆரம்பிக்கும் முன் கம்பியில் ஒரு பக்கத்துக்கு மூன்று நாலு இழுப்பு. இப்படி வைத்துக்கொண்டால் கல்லை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும்.

அவரைப் போலக் காற்றில் வீச வேண்டாம். கம்பியின் நுனியை ஈரத்துணி மேல் ஊன்றிச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, கத்தியைச் சாய்த்து மேலிருந்து கீழாக இறக்குங்கள். கத்தி எடையே போதும். கம்பி, கத்தியைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். ஆன்லைனில் வைரத்தூள் பூசியது என்று ஒன்று வாங்கினேன், பூச்சு உரிந்து வந்துவிட்டது, அதனால் வைரக் கம்பி பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வைரத் தகடு நல்லதாக அமைந்தால் குழியாது, ஊற வைக்க வேண்டாம், அழுத்தாமல் தீட்டினால் நாள்பட வரும்.

ஆகஸ்ட் 18

திருநெல்வேலிக்காரர் ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து இதுவே மனசில் ஓடுகிறது. அவர் தாத்தா பனையேறி. பாளை சீவும் அரிவாளைக் கல்லில் அல்ல, மரப்பலகையில் தீட்டுவாராம், பலகை மேல் வெங்கச்சங்கல்லை (குவார்ட்ஸ் என்கிற வெள்ளைக் கல்) இடித்துச் சலித்த பொடியைத் தூவி. தீட்டின மரத்திலேயே பதம் பார்க்கிறான் என்று நாம் சொல்கிறோமே, அந்த மரம் இதுதான். இன்று தோல் பட்டையில் பச்சை நிறப் பசை தடவி அதில் கத்தியைத் தேய்க்கச் சொல்லி விற்கிறார்கள், அதுவும் இதே வேலைதான். மெத்தென்ற பரப்பு, அதன் மேல் கடினமான நைசுப் பொடி, கல்லில் போகாமல் மிச்சம் இருக்கும் பிசிறை அது எடுத்துவிடும். பாளையை மெல்லிசாக, நசுங்காமல் சீவினால்தான் பதநீர் ஒழுங்காக இறங்கும். அவ்வளவு கூர் தேவைப்பட்ட தொழில் அது, அந்தக் கூரை ஒரு கட்டையிலும் கல்பொடியிலும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

நான் செய்வது: கல்லுக்குப் பிறகு பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், வாய் பின்னால் வருகிற மாதிரி, இழுத்துவிடுவேன். பெல்ட் இல்லாவிட்டால் மடித்த நாளிதழ். முன்னால் தள்ளினால் பெல்ட் அறுந்துவிடும்.

அக்டோபர் 10

நாளை ஆயுத பூஜை. அரிவாள்மனை, கத்தி, தேங்காய் துருவி எல்லாவற்றையும் இன்றைக்கே தீட்டி, கழுவி, துடைத்து வைத்துவிடுங்கள், நாளைக்குச் சந்தனம் குங்குமம் வைத்த பிறகு எடுக்க முடியாது. காய் நறுக்குவதையும் இன்றே முடித்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் வருடா வருடம் இதில்தான் சண்டை வரும்.

நவம்பர் 24

மழைக்காலம், துரு பற்றிய கேள்விகள் வருகின்றன. கொல்லர் பட்டறையில் அடித்த இரும்புக் கத்தி சென்னைக் காற்றில் ஒரே ராத்திரியில் செம்மண் நிறமாகிவிடும், கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். கழுவியதும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை இரண்டு பக்கமும் தடவி வையுங்கள். மாங்காய், புளி, எலுமிச்சை நறுக்கினால் கறுக்கும், அது துரு அல்ல, பயப்பட வேண்டாம். சிவப்பாக இருந்தால்தான் துரு, பாத்திரம் தேய்க்கும் நாரும் கொஞ்சம் சாம்பலும் போதும். விளிம்பிலேயே துரு பிடித்துவிட்டால் கூரும் போயிருக்கும், கல்லை எடுத்துவிடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே வராது என்று நினைத்து ஈரத்தோடு சிங்க்கில் போட்டு வைக்காதீர்கள். கறை குறைவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். மற்றப் பாத்திரங்களோடு மோதி வாய் மடிவதும் சிங்க்கில்தான்.

நவம்பர் 25

பல் வைத்த ரொட்டிக் கத்தியைக் கேட்டவருக்கு: தட்டைக் கல்லில் வைக்காதீர்கள், பல் மழுங்கிவிடும். மெல்லிய செராமிக் கம்பியை ஒவ்வொரு பல் இடுக்கிலும் வைத்து, சரிவு இருக்கும் பக்கம் மட்டும் இரண்டு மூன்று தரம். மறுபக்கம் தட்டையாக இருக்கும், அதைத் தொட வேண்டாம். நூறு ரூபாய்க் கத்தி என்றால் அந்த நேரத்தை நல்ல கத்திக்குச் செலவழியுங்கள்.